இரண்டாம் சாட்சி ராமாத்தாள்

"கரூர் வண்டி. இன்னைக்குப் பத்து நிமிசம் லேட்டுங்க."

இதைச் சொல்லும்போது ராமாத்தாள் தலையை நிமிர்த்துவதில்லை. இடது கையில் இளநீர், வலது கையில் அரிவாள். மூன்று வெட்டில் மட்டையைச் சீவி, நாலாவது வெட்டில் வாயைத் திறந்து, உறிஞ்சு குழலைச் செருகி நீட்டுகிறார். முதுகுக்குப் பின்னால் பேருந்து காற்றை வாரி இறைத்துக்கொண்டு போகிறது. இளநீரை வாங்கியவர் பேருந்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க்கா, அதேதானுங்க" என்கிறார். ராமாத்தாள் அடுத்த காயை எடுக்கிறார்.

வெள்ளகோவிலைத் தாண்டிக் கரூர் போகும் சாலையில், ஒரு சின்னப் பாலத்தை ஒட்டிய வளைவில், வேப்பமரத்தடியில் நிற்கிறது அவருடைய தள்ளுவண்டி. பத்தொன்பது வருஷமாக அதே மரம். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் சாலைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். கடைக்காரர் சாலைக்கு முதுகு காட்டினால் வியாபாரம் என்னாவது என்று கேட்டால், "தாகம் எடுத்தவிய முதுகப் பார்த்தா நிறுத்தறாங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

தலையை நிமிர்த்தாததற்குக் காரணம் வேறு. கடை போட்ட முதல் வருஷம், ஹாரன் சத்தத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அரிவாள் தன் வேலையைச் செய்துவிட்டது. இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு நுனி போயிற்று. அன்றோடு நிமிர்வதை விட்டார். கையில் காய் இருக்கும்வரை பின்னால் உலகமே கவிழ்ந்தாலும் அவருடைய கண் காயின் மேல்தான் இருக்கும்.

கண் விட்ட வேலையைக் காது எடுத்துக்கொண்டது. குவாரி டிப்பர், மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பேருந்து, காற்றாலை இறக்கையைச் சுமந்து ஊர்ந்து போகும் நீள வண்டி என எல்லாவற்றையும் சத்தத்தில் சொல்வார். இது யாருடைய டிராக்டர், டிரைவர் இன்று எரிச்சலில் இருக்கிறானா என்பது வரைக்கும் சொல்வார். வாடிக்கையாளர்கள் புது ஆட்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவார்கள். "அக்கா, இது என்ன வண்டி?" "முத்தூர் தண்ணி லாரிங்க." "ஆமாங்க்கா!" புது ஆள் வாயைப் பிளப்பார். ராமாத்தாள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த இளநீரில் தண்ணீர் கொஞ்சம் அதிகம் இருக்கும்படி பார்த்துத்தான் வெட்டுவார்.

ஐம்பத்திரண்டு வயது. குரல் பெரிது, ஆள் சின்னது. புருஷன் எண்ணெய் மில்லில் காவலாளி. பேரம் பேசுபவரிடம் கோபப்படாமல், "நீங்களே மரமேறிப் பறிச்சுக் குடிச்சுக்குங்க, காசே வேண்டாம்" என்று மரியாதை குறையாமல் சொல்வார். வழுக்கை வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காய் முற்றலாக இருக்கிறது என்று குறை சொல்பவரை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. "உள்ள போயா பார்த்துட்டு வர முடியும்? தட்டிப் பார்த்துச் சொல்றதுதானுங்க" என்பார். தட்டினால் அவருக்குத் தெரியும். நூற்றில் தொண்ணூறு சரியாகவே இருக்கும்.

காய்கள் வருவது செங்கோடனின் தோப்பிலிருந்து. பாலத்துக்கு வடக்கே ஒரு கிலோமீட்டரில் தோப்பு. செங்கோடன் தினமும் விடிகாலையில் மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் குலைகளைக் கட்டிக்கொண்டு வருவார். குலைகளுக்கு நடுவே அவருடைய தலைப்பாகை மட்டும்தான் தெரியும். இறக்கிவைத்துவிட்டு, "இன்னைக்கு நல்ல காய் அம்மிணி" என்பார். ஒரு நாள்கூட மட்டமான காய் என்று சொன்னதில்லை.

போன வருஷம் மார்கழியில், பனி இறங்கியிருந்த ஒரு காலையில், அவர் வந்துகொண்டிருந்தது ராமாத்தாளின் வண்டிக்குத்தான்.

ஆறே முக்கால் மணி. ராமாத்தாள் முந்தின நாள் மிச்சக் காயைச் சீவிக்கொண்டிருந்தார். பின்னால் மொபெட் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி. கடகடவென்று அடிச்சட்டம் ஆடும் சத்தம், பின்கதவுக் கொக்கி இரும்பில் மோதும் சத்தம், பாலத்தின் மேல் ஏறும்போது கியரைக் குறைக்கும் முனகல். தனியார் பால் பண்ணைக்குப் பால் எடுத்துப்போகும் மோகன்குமாரின் வேன் என்று காது சொல்லிவிட்டது. தினம் அந்த நேரத்துக்குப் போகிற வண்டிதான். அடுத்த நொடி, தடார் என்று ஒரு மோதல். காய்கள் தார்ச்சாலையில் உருளும் சத்தம். வேன் நிற்கவில்லை.

ராமாத்தாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். மொபெட் பள்ளத்தில் கிடந்தது. செங்கோடன் சாலையோரம் கிடந்தார், வலது கால் இருக்கக்கூடாத திசையில் மடங்கியிருந்தது. வளைவில் பனிக்குள் ஒரு சிவப்பு விளக்கு மறைந்தது. அவ்வளவுதான்.

கத்திக்கொண்டே ஓடினார். நாலு பேர் கூடினார்கள். "யாருங்க்கா இடிச்சது?" என்று கேட்டார்கள்.

"மோகன் வண்டிதானுங்க. இடிச்சுப்போட்டு நிக்காம போயிட்டானுங்க."

யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ராமாத்தாள் சொன்னால் வண்டி தப்புவதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு போலீஸ் வந்தது. பண்ணையிலேயே வேனைப் பிடித்தார்கள். பழைய வேன், இடது பக்கம் ஏற்கெனவே பத்துக் கீறல்கள். அதில் எது புதுசு என்று வேனுக்கே தெரியாது.

மறுநாள் ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் ராமாத்தாளை உட்காரவைத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "மேற்படி வேனை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..."

"ஆமாங்க."

"முன்னால் சென்ற இருசக்கர வாகனத்தின் மீது மோதிவிட்டு..."

"ஆமாங்க."

"நிற்காமல் சென்றதை நான் நேரில் பார்த்தேன்."

அந்த இடத்தில் ராமாத்தாளுக்கு எதுவோ நெருடியது. ஆனால் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும்போது, குறுக்கே 'இல்லீங்க' என்று சொல்வது இந்தப் பக்கத்து ஊர்களில் எளிதான காரியமில்லை. டாக்டர் சொன்னாலும், தாசில்தார் சொன்னாலும், ஜாதகம் பார்ப்பவர் சொன்னாலும், வாக்கியத்துக்கு ஒரு 'ஆமாங்க' போட்டுக் கேட்பதுதான் வழக்கம். அது சம்மதம்கூட இல்லை, மரியாதை. தவிர, காதில் விழுவதற்கும் கண்ணில் படுவதற்கும் ராமாத்தாள் பல வருஷமாக வித்தியாசம் வைத்துக்கொள்ளவில்லை.

"ஆமாங்க" என்றார்.

நேரில் பார்த்தவர் என்ற பட்டம் அந்தச் சாலையில் மலிவாகக் கிடைக்கும். ஒரு விபத்து நடந்தால் ஒரு வாரத்துக்குள் முப்பது பேர் அதை நேரில் பார்த்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு வந்தவர் பார்த்திருப்பார். வந்தவரிடம் போனில் கேட்டவரும் பார்த்திருப்பார். டீக்கடையில் ஒருவர், "நாம பார்த்துட்டேதானுங்க இருந்தோம், கண் மூடித் தொறக்கறதுக்குள்ள..." என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு அவர் கொடுமுடியில் கருமாதிக்குப் போயிருந்தார் என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆனாலும் சுவாரசியம் கெட்டுவிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பார்த்தேன் என்பதற்கு அங்கே, எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதுதான் அர்த்தம்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தபோது அந்த முப்பது பேரும் கரைந்துபோனார்கள். காகிதத்தில் மிஞ்சியது இரண்டு பேர்தான். முதல் சாட்சி செங்கோடன். அவரைப் பின்னாலிருந்து இடித்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் சாட்சி ராமாத்தாள். பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்தது: 'சம்பவத்தை நேரில் கண்டவர்.' புருஷன் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியபோது, ராமாத்தாள் அந்தக் காகிதத்தைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, அரிசி டப்பாவின் மேல் வைத்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பொய் சொல்வானேன்.

இடையில், சித்திரை வெயிலில் ஒரு நாள் மோகன்குமார் வந்தான். முப்பத்திரண்டு வயது, அன்னூர்ப் பக்கத்து ஆள், பெண்ணெடுத்தது வெள்ளகோவிலில். கைதாகி ஜாமீனில் வந்திருந்தான். பால் வண்டி வேலை போய்விட்டது. ஒரு களத்தில் கொப்பரை அள்ளிக்கொண்டிருந்தான். வண்டிக்கு எதிரே வெயிலிலேயே நின்றான்.

"ஏனுங்க்கா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றனுங்க. என்ற வண்டிய நீங்க கண்ணால பார்த்தீங்களாக்கா?"

ராமாத்தாள் ஒரு காயை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

"அன்னைக்கு முந்தின ஊர்ல பால் சென்டரு பூட்டிக் கெடந்துச்சுங்க. பால் எடுக்கல. கால் மணி முந்தியே இந்தப் பாலத்தைத் தாண்டிட்டனுங்க்கா. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க பார்த்தீங்கன்னா சொல்லிப்போடுங்க, நான் பேசாம போறேன்."

ராமாத்தாள் வாயைத் திறந்த இளநீரை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. "சரிங்க்கா" என்று சொல்லிப் போனான். மாட்டிக்கொண்ட டிரைவர் எவன்தான் நான் இல்லை என்று சொல்லாமல் இருப்பான் என்று ராமாத்தாள் தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்த இளநீரை வேறு யாருக்கும் விற்க மனசு வரவில்லை. வேப்பமரத்து வேரில் ஊற்றினார்.

இந்த ஆடியில், விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. கிருபாசங்கர் இளநீருக்கு நின்றிருந்தார். காங்கேயத்தில் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர், எட்டு வருஷ வாடிக்கை. ஆடிக் காற்று மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் அந்தச் சத்தம் வந்தது. அடிச்சட்டம் ஆடும் கடகட, கொக்கி மோதும் சத்தம், பாலத்தில் கியர் குறையும் முனகல்.

ராமாத்தாளின் அரிவாள் அந்தரத்தில் நின்றது.

"மோகன் வண்டி! மறுபடியும் ஓட்டறானா அவன்?"

"எங்கீங்க்கா?"

"இப்பப் போச்சே கண்ணு."

கிருபாசங்கர் சாலையைப் பார்த்தார், ராமாத்தாளைப் பார்த்தார். "அது கறிக்கோழி வண்டிங்க்கா. வெறுங் கூண்டு ஏத்திட்டுப் போகுது."

விரல் நுனி போன பிறகு முதல் முறையாக, கையில் காய் இருக்கும்போதே ராமாத்தாள் திரும்பினார். அடுக்கிவைத்த நீலக் கூண்டுகள் ஆடிக்கொண்டே வளைவில் போயின. பால் கேன் ஒன்றுகூட இல்லை. கொக்கி மட்டும் அதே கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது.

"நெசமா அதுதானா? நீ எப்பவும் ஆமாங்க்காம்பியே?"

"கேஸ் நடக்குதுங்களே. அவன் பேரைச் சொன்னீங்களா, அதனால சொல்லிப்போட்டனுங்க" என்றார் கிருபாசங்கர் சங்கடமாக.

"அப்ப இத்தன நாள் நான் சொன்னதெல்லாம்?"

அவர் உறிஞ்சு குழலை விரலால் நசுக்கினார். "பெரும்பாலும் சரியா இருக்குமுங்க்கா."

"பெரும்பாலும்னா?"

"ஒண்ணு ரெண்டு தப்புமுங்க. தொழில் பண்ற எடத்துல, மூஞ்சிக்கு நேரா தப்புன்னு எதுக்குங்க சொல்லோணும்... எல்லாருமே அப்படித்தானுங்க்கா. நீங்க சொன்னா, ஆமாங்கம்போம்."

ராமாத்தாள் அடுத்த காயை எடுத்தார். அன்று மதியம் வரை வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வண்டியின் பேரும் சொல்லாமல் வெட்டிக் கொடுத்தார். பத்தொன்பது வருஷம் ஊர் முழுக்கத் தன்னிடம் மரியாதையாக இருந்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. ஒருத்தராவது ஒரு நாள், "இல்லீங்க்கா, தப்பு" என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

அடுத்த மூன்று நாளும் அவர் செய்தது ஒரு பரீட்சை. சத்தம் வரும்போது மனசுக்குள் வண்டியின் பேரைச் சொல்லுவார். அரிவாளை வைப்பார். திரும்பிப் பார்ப்பார். பேருந்துகள் தப்பவில்லை. டிப்பரில் இரண்டு தப்பின. சின்ன வேன்களில் பாதிக்குப் பாதி தப்பின. கொக்கி தளர்ந்த வேன் எல்லாமே மோகன்குமாரின் வேனாகக் கேட்டது. ஒரு முறை காலியாகப் போன ஸ்கூல் வேன்கூட அப்படித்தான் கேட்டது. அந்த மூன்று நாளும் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பிப் பார்ப்பவரிடம் இளநீர் குடிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

விசாரணைக்கு முந்தின நாள் பொழுதோடு, செங்கோடனின் மனைவி ராசம்மாள் குலைகளோடு வந்தார். இப்போது அவர்தான் மொபெட் ஓட்டுகிறார். நாற்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டது, இன்னும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டுதான் நிறுத்துவார்.

"ராசம்மா, நாளைக்குக் கோர்ட்டுல..." என்று ஆரம்பித்தார் ராமாத்தாள்.

"உங்களை நம்பித்தானுங்க்கா இருக்கறம்" என்றார் ராசம்மாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "கால்ல வெச்ச தகடு சேரலையாமா. எடுத்துட்டு வேற வெக்கோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. விட்டா காலையே எடுக்கற மாதிரி ஆயிருமாமா. இடிச்சது அந்த வண்டிதான்னு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல ஆபரேசன் பண்ணிப்போடலாம்னு வக்கீலு சொல்றாரு. வேற பார்த்தவங்க யாருங்க இருக்கறாங்க? நீங்க ஒருத்தர்தானுங்களே."

ராமாத்தாள் குலையை வாங்கி இறக்கினார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பயந்துபோனார் என்பதுதான் உண்மை. செங்கோடனின் கால் ஒரு பக்கம், அந்த மோகன்குமாரின் பிழைப்பு ஒரு பக்கம், நடுவில் தன்னுடைய ஒரே ஒரு 'ஆமாங்க'. அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட முடிந்தால் அன்றே கொடுத்திருப்பார்.

மறுநாள் வாடகைக் காரில் போனார்கள். செங்கோடன் முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் பெண்கள் இரண்டு பேர். பாதி வழியில் செங்கோடன் திரும்பாமலேயே பேசினார்.

"பயப்படாதீங்க அம்மிணி. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிப்போடுங்க. அது போதும்."

"சரிங்ணா" என்றார் ராமாத்தாள். கண்ணாடியை இறக்கிக் காற்றை வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் செங்கோடனை முதலில் கூப்பிட்டார்கள். பின்னாலிருந்து இடித்தது, எந்த வண்டி என்று தெரியாது, கண் விழித்தது ஆஸ்பத்திரியில் என்று அவர் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ராசம்மாள் அவரைக் கதவோரத்து பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து டவாலி, "ராமாத்தாள்" என்று மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறையே அவர் எழுந்து நடந்துகொண்டிருந்தார்.

சத்தியம் வாங்கினார்கள். அரசு வக்கீல் இளைஞர், அன்றைக்கு அவருக்கு இன்னும் ஒன்பது வழக்கு இருந்தது.

"சம்பவத்தன்னைக்குக் காலையில உங்க இளநீர் வண்டியில இருந்தீங்க?"

"ஆமாங்க."

"செங்கோடனை உங்களுக்குத் தெரியும்?"

"ஆமாங்க."

"கூண்டுல நிக்கற மோகன்குமாரையும் தெரியும்?"

"ஆமாங்க."

"இவர் ஓட்டி வந்த பால் வேன் செங்கோடன் மேல மோதினதை நீங்க நேரில் பார்த்தீங்க?"

"ஆமாங்க."

அது தானாக வந்துவிட்டது. முந்தின இரவு முழுக்க முழித்துக் கிடந்து தேடி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் உள்ளேயே இருக்க, பழகின வார்த்தை முன்னால் ஓடிவிட்டது. தட்டச்சு செய்பவரின் விரல்கள் அதைத் தட்டி முடித்தன. அரசு வக்கீல் அடுத்த வழக்குக் கட்டை எடுக்கக் குனிந்தார். மோகன்குமார் கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தான், அவன் கை நழுவிக் கீழே தொங்கியது. ராசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங் சார்" என்றார் ராமாத்தாள்.

யாருக்கும் கேட்கவில்லை. குரல் பெரிதுதான், ஆனால் அப்போது வெளியே வரவில்லை.

"ஏனுங் சார்! அந்தக் கடைசி ஆமாங்க இல்லீங்க. அதை எடுத்துப்போடுங்க."

நீதிபதி நிமிர்ந்தார். நடுவயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க? பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பார்க்கலீங்க அம்மா. கேட்டனுங்க."

"யார்கிட்டக் கேட்டீங்க?"

"காதுல கேட்டனுங்க. கையில அருவா இருந்தா நான் நிமிர மாட்டனுங்க. சத்தத்த வெச்சு அவன் வண்டின்னு சொல்லிப்போட்டனுங்க. திரும்பறதுக்குள்ள வண்டி போயிருச்சுங்க. செங்கோடண்ணன் ரோட்டோரம் கெடந்தாருங்க. வளைவுல ஒரு செவப்பு லைட்டுத் தெரிஞ்சுதுங்க. என்ற கண்ணுல பட்டது அந்த ரெண்டுதானுங்க."

"அந்தச் சத்தம் இவர் வண்டிச் சத்தம்தானா?"

ராமாத்தாள் பெஞ்சின் பக்கம் பார்த்தார். செங்கோடன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"அப்ப அப்படித்தான் நெனச்சனுங்க. இப்பத் தெரியலீங்க. என்ற காது தப்புமுங்க. போன வாரந்தானுங்க எனக்கே தெரிஞ்சுது."

அரசு வக்கீல் கட்டைக் கீழே வைத்தார். குரல் உயர்ந்தது. "போலீஸ்ல நேரில் பார்த்தேன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப எதிர்த்தரப்புக்கு உதவறதுக்காக மாத்திச் சொல்றீங்க?"

"இல்லீங்க."

"யாரோ சொல்லிக் குடுத்து இங்க வந்து பொய் சொல்றீங்க?"

"இல்லீங்க."

ஐம்பத்திரண்டு வருஷமாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்த அந்த வார்த்தை அன்றைக்கு எத்தனை முறை கேட்டாலும் தடையில்லாமல் வந்தது. அரசு வக்கீல் நீதிபதியிடம் திரும்பி, இவரைப் பிறழ் சாட்சியாகக் கருத வேண்டும் என்றார். நீதிபதி ஒரு நிமிஷம் ராமாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதச் சொன்னார். சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கும்போது ராமாத்தாள் டவாலியிடம் மெதுவாகக் கேட்டார், "அப்படீன்னா என்னங்க?"

"சொன்ன சொல்லை மாத்தின ஆளுன்னு அர்த்தம்மா" என்றார் டவாலி. "தள்ளிப் போங்க, அடுத்த கேஸ் வருது."

மோகன்குமார் கூண்டுக்குள் நின்றபடியே கை கூப்பினான். ராமாத்தாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று அவர் அங்கே வரவில்லை. அவன் இடித்தானா இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் தெரியும்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார்கள். ராசம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருத்துவச் சீட்டுகள் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினார். செங்கோடனைக் கைத்தாங்கலாக எழுப்பினார். ராமாத்தாள் எட்ட நின்றார். போனால் திட்டுவார்கள், போகாவிட்டால் அது அதைவிட மோசம். என்ன சொல்வது என்று தேடினார். மன்னிச்சுக்குங்க என்று சொன்னால் செய்ததைத் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகும். தப்பு இல்லை. ஆனால் அந்தக் கால், அந்தத் தகடு, அது அவருடைய ஒரு வார்த்தையால் இன்றைக்கு அந்தரத்தில் நிற்கிறது.

கட்டடத்துக்கு ஐந்து படிகள். உயரமான பழைய படிகள், பிடிக்கக் கம்பி இல்லை. கார் கீழே நின்றது. செங்கோடன் முதல் படியின் விளிம்பில் ஊன்றுகோலை வைத்துப் பார்த்தார். கோல் வழுக்கியது. ராசம்மாள் ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்தார். மறு பக்கத்துக்கு ஆள் இல்லை.

ராமாத்தாள் அவர்களைத் தாண்டி ஒரு படி கீழே இறங்கினார். செங்கோடனுக்கு முன்னால் வந்து, அவருடைய கை எட்டுகிற உயரத்துக்குத் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க, நாங்க போய்க்கறோம்" என்றார் ராசம்மாள்.

ராமாத்தாள் நகரவில்லை. செங்கோடனின் கை அந்தரத்தில் இருந்தது. பின்னால் இன்னொரு வழக்கின் ஆட்கள் இறங்க வழி கேட்டார்கள். ராமாத்தாள் தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அந்தக் கையையே பார்த்தபடி நின்றார்.